தண்ணீர் தீர்ந்தால் தானே அணையும் அடுப்பு

கொச்சியை ஒட்டிய களமசேரி கின்ஃப்ரா ஹைடெக் பூங்காவில் நிப்பான் கேரளா மையம் இருக்கிறது. அங்கே ஜப்பானிய மொழி சொல்லித் தருகிறார்கள். மொழி கற்று ஜப்பானுக்கு வேலைக்குப் போகிறவர்கள், குடியேறும் வீட்டில் அநேகமாக முதல் நாளே பழகவேண்டிய கருவி மின்சார ரைஸ் குக்கர். இரவு அரிசியைக் களைந்து, அளவாகத் தண்ணீர் விட்டு, டைமரை வைத்துவிட்டுப் படுத்தால், விடியும்போது சோறு தயார்.

முன்பெல்லாம் ஜப்பானிலும் வீட்டுப் பெண்கள் இருட்டோடு எழுந்து விறகடுப்பைக் கவனித்துக்கொண்டு நிற்கவேண்டியிருந்தது. 1955 டிசம்பரில் தோஷிபா நிறுவனம் முதல் தானியங்கி குக்கரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தோஷிபா கொச்சிக்குப் புதிய பெயரல்ல: தோஷிபா ஆனந்த் என்ற பெயரில் பேட்டரியும் பல்பும் செய்த ஆலைகள் இதே வட்டாரத்தில் இருந்தன. குக்கரை உருவாக்கியவர் யோஷிததா மினாமி என்ற சிறு தொழிலதிபர். சோறு பதத்துக்கு வரும்வரை வீட்டிலேயே ஓயாமல் சமைத்துப் பார்த்து, வெப்பநிலையைக் குறித்து வைத்தவர் அவர் மனைவி ஃபுமிகோ. இந்தக் கண்டுபிடிப்பில் சரிபாதி அவருடையது என்பேன்.

எல்லாக் கேள்வியும் ஒன்றில் வந்து நின்றது: சோறு வெந்துவிட்டது என்று கருவிக்கு எப்படித் தெரியும்? அரிசியின் அளவும், அறையின் குளிரும் நாளுக்கு நாள் மாறும்; நேரத்தை நம்ப முடியாது. தண்ணீரை நம்பலாம். பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை சூடு சுமார் 100 டிகிரியைத் தாண்டாது. தீர்ந்த கணமே ஏறத் தொடங்கும். மினாமியின் குக்கரில் இரண்டு பாத்திரங்கள். வெளிப்பாத்திரத்தில் ஊற்றிய ஒரு குவளைத் தண்ணீர் சுமார் 20 நிமிடத்தில் ஆவியாகும். சூடு ஏறியதும் ஈருலோகத் தகடு வளைந்து மின்சாரத்தை நிறுத்தும்.

இன்றைய சாதாரண குக்கரில் வெளிப்பாத்திரம் கிடையாது. உள்பாத்திரத்தைத் தூக்கிப் பாருங்கள். சூடாகும் தட்டின் நடுவே, அழுத்தினால் உள்ளே போகும் வட்டக் குமிழ் ஒன்று தெரியும். அதற்குள் ஒரு காந்தமும் ஃபெரைட் துண்டும் ஒட்டி நிற்கின்றன. 100 டிகிரிக்குச் சற்று மேலே போனதும் ஃபெரைட் தன் காந்தத் தன்மையை இழக்கும். ஸ்பிரிங் இரண்டையும் பிரித்துவிட, ‘டக்’கென்று விசை விழும். பாத்திரத்துக்கு அடியில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தாலும் குமிழ் சரியாகத் தொடாது, சோறு அடிப்பிடிக்கும். ஆகவே அடிப்பக்கத்தைத் துடைத்துவிட்டு வைப்பது அவசியம்.

விட்ட தண்ணீரையெல்லாம் குடித்துவிடும் அரிசிக்கென்றே பிறந்த கருவி இது. களமசேரி வீடுகளில் பொங்கும் பாலக்காடன் மட்ட அரிசியோ வேறு இனம். புழுக்கிய, தவிட்டுச் சிவப்பு போகாத, தடித்த மணி. தண்ணீர் மெதுவாகத்தான் உள்ளே இறங்கும். நிறைய தண்ணீரில் நெடுநேரம் வேகவைத்துக் கஞ்சி வடிக்கவேண்டும். அளவாகத் தண்ணீர் விட்டால் மணி வேகும் முன் குக்கர் அணைந்துவிடும். தாராளமாக விட்டால் மூடியைத் தள்ளிக்கொண்டு கஞ்சி பொங்கி வழியும்.

கேரளத்தில் இதற்கு வேறு வழி வந்தது. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கம் ஊரெங்கும் பரப்பிய சூடாறாப்பெட்டி அது. அரிசியைக் கொஞ்ச நேரம் கொதிக்கவிட்டு, பாத்திரத்தோடு பெட்டிக்குள் வைத்து மூடினால், வெளியேறாத சூட்டிலேயே மீதி வேக்காடு முடிந்துவிடும், பிறகு வடித்துக்கொள்ளலாம். இப்போது கடைகளில் விற்கும் ‘தெர்மல் குக்கர்’ வேலை செய்வதும் இதே முறையில்தான். மின்சாரமே வேண்டாம், எரிவாயுச் செலவும் குறைவு. மட்ட அரிசிக்கு இதைவிடப் பொருத்தமான கருவியை நான் பார்த்ததில்லை.

ஜப்பானில் மட்ட அரிசி கிடைத்து அதை அங்குள்ள குக்கரில் சமைக்க நேர்ந்தால், பாத்திரத்துக்குள் வெள்ளை அரிசிக்கென்று போட்டிருக்கும் கோடுகளை நம்பவேண்டாம். முந்தின இரவே ஊறவைத்து, தண்ணீரைக் கூட்டி, பழுப்பரிசிக்கான பொத்தானை அழுத்துங்கள். வடித்த சோற்றின் உதிரிப் பதம் வராது; ஆனால் மணி உள்வரை வெந்திருக்கும்.