ரவுட்டர் மேசை: முதலில் வேகத்தைப் பாருங்கள்

மாணவர்களே, இது இணைய ரவுட்டர் அன்று. பலகையின் ஓரத்தைச் செதுக்கும் தச்சு இயந்திரம். அதை மேசைக்கு அடியில் தலைகீழாகப் பொருத்தினால் ரவுட்டர் மேசை. பிட் மட்டும் மேலே நீட்டிக்கொண்டு சுழலும். பலகையைக் கையால் தள்ளுவோம்.

வீட்டுப் பட்டறைக்கு அதைச் செய்யும் முன் ஒரு கணக்கு. நிமிடத்திற்கு 24,000 சுற்று சுழலும் 6 மில்லிமீட்டர் பிட்டின் விளிம்பு மணிக்கு 27 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். அதே சுற்றில் 50 மில்லிமீட்டர் பிட்? விட்டத்தை 3.14ஆலும் சுற்றாலும் பெருக்குங்கள்: 226 கிலோமீட்டர்! பினாங்குப் பாலத்தில் காருக்கே 80தான். ஆகவே, வேகத்தைக் குறைக்கும் வசதியில்லாத ரவுட்டர் மேசைக்கு ஆகாது. பெரிய பிட்டுக்கு 10,000 சுற்று போதும்.

பிட் சுழலும் திசைக்கு எதிராகவே பலகையைத் தள்ள வேண்டும்; இல்லையேல் பிடுங்கி எறிந்துவிடும். மேசைக்கு எம்.டி.எஃப். பலகை மலிவுதான், ஓரங்களில் வார்னிஷ் பூசாவிட்டால் ஜார்ஜ்டவுன் ஈரக்காற்றில் மெல்ல உப்பும்.