‘குடிக்க உகந்தது’ என்ற சான்று போதாது

ஊரில் ஒரு காய்ச்சல் செய்தி பரவியவுடன், கிணற்று நீரைக் காலிக் குளிர்பானப் புட்டியில் மொண்டு, ஐஸ் பெட்டியில் வைத்துப் பரிசோதனைக் கூடத்தில் ஒப்படைத்து, ‘குடிக்க உகந்தது’ என்று வந்த காகிதத்தை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டிவிட்டு, அமீபா பயம் தீர்ந்ததென்று நிம்மதி கொள்கிறவர்களை அடிக்கடி காண்கிறோம். கேரளத்தில் 2024, 2025-ஆம் ஆண்டுகளில் அமீபா மூளைக்காய்ச்சல் பலரைப் பலிகொண்ட பின்னும் இந்த அசிரத்தை நீங்கவில்லை. அந்தக் காகிதம் பொய் சொல்லவில்லை. அமீபாவைப் பற்றி அது எதுவுமே சொல்லவில்லை என்பதுதான் விஷயம்.

வழக்கமான கிருமிப் பரிசோதனை, 100 மில்லிலிட்டர் நீரில் ஈ.கோலி போன்ற மலக்கிருமிகள் இருக்கின்றனவா என்று மட்டுமே பார்க்கும். மூளையைத் தாக்கும் நேக்ளேரியா ஃபௌலேரி, வெதுவெதுப்பான நன்னீரில் பாக்டீரியாக்களைத் தின்று வாழும் தனி ஜந்து. அதைக் குடிப்பதால் இந்நோய் வராது. மூக்கில் ஏறினால் வாசனை நரம்பின் வழியே மூளையை அடைந்து, நோய் பிடித்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கும் மேற்பட்டோரை மாய்த்துவிடும். வேறு சில அமீபாக்கள் தம் உடலுக்குள்ளேயே லீஜியோனெல்லா என்ற நிமோனியாக் கிருமியைப் பெருக்குகின்றன. 1976-இல் பிலடெல்பியாவில் வெளிப்பட்ட அக்கிருமி அமீபாவினுள் வளர்வதை 1980-இல் ரோபோதம் என்பவர் காட்டினார். அமீபாவின் கூட்டுக்குள் ஒளிந்திருக்கையில் குளோரின் அதை எளிதில் தீண்டாது. ஷவர், குளிரூட்டும் கோபுரம் ஆகியவற்றின் நீர்த்திவலையைச் சுவாசிப்பதன் மூலம் அது தொற்றுவதால், விடுதிகளும் மருத்துவமனைகளும் அதிக ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

ஆகவே மாதிரி எடுக்கும்போதே இரண்டு புட்டிகள் வேண்டும். இரண்டும் கூடத்திலேயே கேட்டு வாங்கிய, கிருமி நீக்கிய புட்டிகளாக இருக்கட்டும். குளோரின் கலந்த நீரானால், அதன் வீரியத்தை நிறுத்தும் சோடியம் தயோசல்பேட் உள்ளே இடப்பட்டிருக்கிறதா என்று விசாரியுங்கள். மலக்கிருமிப் பரிசோதனைக்கான புட்டியை ஐஸில் வைத்து அன்றே சேர்ப்பிக்க வேண்டும். நேக்ளேரியாவுக்கான புட்டியில் ஒரு லிட்டர் நீராவது எடுத்து, ஐஸில் வைக்காமல், வெயிலும் படாமல் கொண்டு செல்ல வேண்டும். குளிர் அந்த அமீபாவைக் கொன்றுவிட்டால், இருந்ததும் இல்லையென்றே முடிவு வரும். மறுபடியும் சொல்கிறேன்: அமீபாப் புட்டிக்கு ஐஸ் ஆகாது.

அடுத்தது மனு. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் பொதுவாக ‘நீரைப் பரிசோதிக்கவும்’ என்று எழுதிக் கொடுத்தால், கேளாததை யாரும் தேடமாட்டார்கள். மாவட்ட சுகாதார அலுவலருக்கு மனு எழுதி, அதில் நீர்நிலையின் பெயர், மாதிரி எடுத்த தேதி, நேரம், நீரின் வெப்பம், எஞ்சிய குளோரின் அளவு ஆகியவற்றைக் குறித்து, ‘நேக்ளேரியா வளர்ப்புச் சோதனையும் பி.சி.ஆர். சோதனையும் செய்ய வசதியுள்ள கூடத்துக்கு அனுப்பவும்’ என்று தெளிவாகக் கேளுங்கள். விடுதி நீர்த்தொட்டியானால் லீஜியோனெல்லாவைத் தனியே பெயரிட்டுக் கேட்க வேண்டும். நகலில் தேதியுடன் ஒப்புகை பெறாமல் திரும்பாதீர்கள். ‘பார்க்கலாம்’ என்று மேசைக்குள் செருகி வைத்தால், அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்துடன், மனுவின் நிலையையும் கடைசி நீர்ப் பரிசோதனை அறிக்கையின் நகலையும் கேட்டு விண்ணப்பியுங்கள். 30 நாளில் பதில் தரக் கடமைப்பட்டவர் அவர்.

முடிவு வரும்வரை கை கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கிணற்றுக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் என்பது வழக்கமான கணக்கு. மூன்று மீட்டர் விட்டமும் நான்கு மீட்டர் நீர் ஆழமும் உள்ள வட்டக் கிணற்றில் ஏறத்தாழ 28,000 லிட்டர் இருக்கும். 70 கிராம் போதும். பவுடரை வாளியில் சிறிது நீர்விட்டுக் குழைத்து, மேலும் நீர் சேர்த்துக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிவை மட்டும் கிணற்றில் இறக்கிக் கலக்குங்கள். ஒரு மணி நேரம் கழித்துச் சோதித்தால், லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருக்க வேண்டும். இல்லையேல் மறுபடியும் இடுங்கள். மூட்டையைத் திறந்தே வைத்து வீரியம் போன பவுடரைத் தூவிவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்திடுவது சுத்திகரிப்பாகாது. சேறும் பாசியுமான குளத்திலோ, குளோரின் நிலைத்து நிற்காது. ஒரு புட்டியில் அமீபா அகப்படவில்லை என்பதும் அக்குளம் முழுவதற்கும் அபயம் ஆகாது.

ஆதலால் மூக்கில் நீர் ஏற விடாதீர்கள். தேங்கிய நீரில் குதிப்பதையும், மூழ்கி அடிச்சேற்றைக் கலக்குவதையும் தவிருங்கள். மூக்கில் நீர்விட்டுக் கழுவும் ஜலநேதி செய்வோர் கொதிக்கவைத்து ஆறிய நீரையே உபயோகிக்க வேண்டும். அமெரிக்காவின் லூசியானாவில் 2011-இல் குழாய் நீரால் மூக்கைக் கழுவிய இருவர் இந்நோயால் இறந்தனர். குளித்தபின் பன்னிரண்டு நாட்களுக்குள் கடும் தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு கண்டால், கடை மாத்திரையில் காலத்தைக் கடத்தாமல் பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மருத்துவர் கேட்பார் என்று காத்திராமல், எந்தத் தேதியில் எந்த நீரில் குளித்தார், மூக்கில் நீர் ஏறியதா என்பதை நீங்களே முதலில் சொல்லி, தண்டுவட நீரை எடுத்தவுடன் நுண்ணோக்கியில் அமீபாவுக்காகப் பார்க்கும்படி கேளுங்கள். அங்கேயும் கேளாததைத் தேடாமல் விட்டுவிடக் கூடும்.