மூடப்பட்ட களமும் மீட்கக் கோரிய பயனரும்: ஐ.எம்.டி.பி. கருத்தாடற் பலகைகள் குறித்த ஒரு விளக்கம்

முன்னுரை

2017ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 20ஆம் நாள், உலகெங்கும் அறியப்பட்ட திரைப்படத் தகவல் தளமாகிய ஐ.எம்.டி.பி. தன் கருத்தாடற் பலகைகளை மூடியது. பயனர் பலர் அவற்றை மீண்டும் திறக்குமாறு வேண்டினர்; இணையவழி விண்ணப்பங்களில் கையொப்பமிட்டனர். அவ்வேண்டுகோள் நிறைவேறவில்லை. ஒரு வணிக நிறுவனம் தன் சேவைகளுள் ஒன்றை நிறுத்துவது வியப்புக்குரியதன்று. எனினும், அப்பயனர் மீட்கக் கோரியது ஒரு வசதியை மட்டுமா, அன்றி வேறொன்றையுமா என்பது ஆராயத்தக்கது. இக்கட்டுரை அதனை விளக்க முனைகின்றது.

1. தளத்தின் தோற்றம்

ஐ.எம்.டி.பி. ஒரு நிறுவனத்தின் திட்டமாகத் தோன்றியதன்று. வையவிரிவு வலை பரவுவதற்கு முன்பே, யூஸ்நெட் என்னும் கணினி வலையமைப்பில் திரைப்படச் சுவைஞர் கூடி உரையாடிய செய்திக்குழு ஒன்று இருந்தது. நடிகர், நடிகையர், இயக்குநர் ஆகியோரின் பட்டியல்களை அக்குழுவினர் தம் ஆர்வத்தால் தொகுத்து வந்தனர். இங்கிலாந்தைச் சேர்ந்த கோல் நீதம் என்பார், அப்பட்டியல்களில் தேடுவதற்குரிய நிரல்களை 1990ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் அக்குழுவில் வெளியிட்டார். அந்நாளே தளத்தின் பிறந்த நாளாகக் கொள்ளப்படுகின்றது. 1993இல் வேல்சு நாட்டுக் கார்டிஃப் பல்கலைக்கழகக் கணினி வழியாக அது வலையில் இடம்பெற்றது. 1998இல் அமேசான் நிறுவனம் அதனை வாங்கியது.

இவ்வரலாற்றில் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. தளத்தின் முதற்பொருள் ஊதியம் பெறாத சுவைஞர் திரட்டியது. அவர்கள் திரண்ட இடமோ ஓர் உரையாடற் களம். எனவே, உரையாடல் இத்தளத்திற்குப் பின்னர் ஒட்டப்பட்ட அணியன்று, அதன் வேராகும்.

2. பலகைகளின் அமைப்பும் பயனும்

2001ஆம் ஆண்டளவில் தளத்தில் கருத்தாடற் பலகைகள் அமைந்தன. ஒவ்வொரு திரைப்படத்திற்கும் ஒவ்வொரு கலைஞருக்கும் உரிய பக்கத்தின் அடியில் ஒரு பலகை இருந்தது. புகழ்பெற்ற படத்திற்கும் எவரும் அறியாத படத்திற்கும் இது பொதுவாக அமைந்தது.

இவ்வமைப்பின் சிறப்பு, அதனைச் சமூக ஊடகங்களோடு ஒப்பிடும்போது புலனாகும். சமூக ஊடகத்தில் பேச்சு காலத்தை ஒட்டி ஓடுகின்றது. இன்று வெளியாகும் படம் இன்று பேசப்படும். அடுத்த வாரம் அப்பேச்சு அடியில் அமிழ்ந்துவிடும். பலகையிலோ பேச்சு படைப்பை ஒட்டி நின்றது. நாற்பதாண்டுகளுக்கு முன் வந்த ஒரு படத்தை நள்ளிரவில் தொலைக்காட்சியில் தற்செயலாகக் கண்ட ஒருவர், அதன் இறுதிக் காட்சி தமக்கு விளங்கவில்லை என்று எழுதலாம். அதற்குரிய விடை இரண்டாண்டுகள் கழித்து வேறொரு நாட்டிலிருந்து வரலாம். இருவரும் ஒரே காலத்தில் இருக்க வேண்டியதில்லை. ஒரே படத்தைப் பார்த்திருந்தால் போதும். சிறு படங்களுக்கும் பழைய படங்களுக்கும் இத்தகைய இடம் பிறிதொன்று கிடைப்பது அரிது. விண்ணப்பமிட்டோரின் ஏக்கத்தை இவ்விடத்தே புரிந்துகொள்ளலாம்.

3. மூடியமைக்குரிய காரணங்கள்

2017 பிப்ரவரி 3ஆம் நாள் நிறுவனம் தன் முடிவை அறிவித்தது. மாதந்தோறும் தளத்திற்கு வரும் 25 கோடிக்கும் மேற்பட்டோருள் மிகப் பெரும்பாலோர்க்குப் பலகைகள் பயனுள்ள, நல்ல பட்டறிவைத் தரவில்லை என்பதும், பயனர் சமூக ஊடகங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர் என்பதும் அது கூறிய காரணங்கள்.

இக்காரணங்களைப் பொய்யென ஒதுக்குதல் நேர்மையாகாது. பெயர் மறைத்து எழுதுவோரின் வசை, இனப்பழிப்பு, வேண்டுமென்றே சினமூட்டும் பதிவுகள் ஆகியன பல பலகைகளில் மலிந்திருந்தன. இது இத்தளத்திற்கு மட்டும் உரிய இடர்ப்பாடும் அன்று. 2012இல் ‘தி டார்க் நைட் ரைசஸ்’ படத்தைக் குறைகூறிய திறனாய்வாளர்க்கு மிரட்டல்கள் எழுந்தபோது, ராட்டன் டொமேட்டோஸ் தளம் அப்படத்தின் திறனாய்வுகளுக்குரிய கருத்துரைகளை நிறுத்தி வைத்தது. 2019இல் அதே தளம், படம் வெளியாகும் முன்னரே பார்வையாளர் கருத்துரை இடும் வசதியை நீக்கியது. நுழைவுச்சீட்டு வாங்கியமை உறுதிசெய்யப்பட்டோரின் மதிப்பீட்டைத் தனியே காட்டவும் தொடங்கியது.

இங்கு ஒரு வேறுபாடு நோக்கத்தக்கது. பின்னைய தளம் கேடு விளைந்த வாயிலை மட்டும் அடைத்தது. முன்னையதோ, களையோடு பயிரையும் அகற்றியது. பல்லாயிரம் பலகைகளை நாள்தோறும் மேற்பார்வையிட ஆட்களும் பணமும் வேண்டும் என்பது உண்மையே. ஆயினும், புதிய பதிவுகளை நிறுத்திவிட்டுப் பழைய பதிவுகளைப் படிப்பதற்கு மட்டும் விட்டுவைத்தல் இடைப்பட்ட ஒரு வழியாகும். அவ்வழி மேற்கொள்ளப்படவில்லை. ஏறத்தாழப் பதினாறு ஆண்டு எழுத்து, அறிவிப்பு வெளியான பதினேழாம் நாள் தளத்தினின்றும் மறைந்தது.

4. மீட்பு என்பதன் மூன்று கூறுகள்

பலகைகளை மீட்டல் என்று பயனர் கூறியதனுள் மூன்று கூறுகள் அடங்கியுள்ளன.

முதலாவது, எழுத்து. இது ஓரளவு மீட்கப்பட்டது. மூடும் நாளுக்கு முன் ஆர்வலர் சிலர் பதிவுகளைப் படியெடுத்தனர். மூவிசாட் முதலிய தனித்தளங்கள் பழைய பதிவுகளைச் சேர்த்துக்கொண்டு புதிய உரையாடலுக்கும் இடமளித்தன.

இரண்டாவது, இடம். படத்தின் பெயரைத் தேடி வருவோர் கண்ணிற்படும் பக்கத்திலேயே பலகை இருந்தமை அதன் வலிமை. எழுத்தை வேறிடத்திற்குக் கொண்டு செல்லலாம். அவ்விடத்தைக் கொண்டு செல்ல இயலாது. தேடாமலே வந்து சேரும் புதியவர் தனித்தளத்தைக் காண்பது அரிது. இதனை உரிமையாளர் ஒருவரே மீட்டளிக்க முடியும்.

மூன்றாவது, மக்கள். புனைபெயரால் மட்டுமே ஒருவரையொருவர் அறிந்திருந்தவர்கள், தனிச்செய்தி வசதியும் உடன் நிறுத்தப்பட்டமையால், முன்கூட்டியே முகவரி பரிமாறிக்கொள்ளாத நிலையில் தொடர்பிழந்தனர். பலகைகள் மறுநாளே திறக்கப்பட்டிருப்பின் இவர்கள் மீண்டிருக்கக்கூடும். காலம் செல்லச் செல்ல இக்கூறு மீட்க இயலாததாகிவிடுகின்றது.

பொதுவாக இத்தகைய தளங்களின் விதிகள், பயனர் எழுத்தைப் பயன்படுத்தும் உரிமையை நிறுவனத்திற்கு அளிக்கின்றன. அதனைப் பேணும் கடமையை நிறுவனத்தின்மேல் சுமத்துவதில்லை. விண்ணப்பம் வேண்டுகோள் என்னும் நிலையைக் கடந்து உரிமைக் கோரிக்கையாக வளராமைக்கு இதுவே காரணம் எனலாம்.

5. ஏற்பாய்வு நோக்கில் இழப்பு

ஒரு படைப்பின் பொருள் சுவைப்போரின் எதிர்பார்ப்புகளோடு இணைந்தே உருவாகின்றது என ஏற்புக் கோட்பாட்டினர் கூறுவர். செருமானிய அறிஞர் ஹான்ஸ் ராபர்ட் யாவுஸ் இக்கருத்தை 1960களின் இறுதியில் முன்வைத்தார். ஆயின், பார்வையாளர் என்ன கருதினர் என்பதை அறியும் சான்று எளிதிற் கிடைப்பதில்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் ஹெர்பர்ட் புளூமர், 1933இல் வெளிவந்த தம் ஆய்வுக்காக மாணவர் முதலியோரைத் தம் திரைப்பட அனுபவங்களை எழுதித் தரச் செய்தார். ஜே. பி. மேயர் 1940களில் பிரித்தானியத் திரை இதழொன்றின் வாசகரிடமிருந்து கடிதங்களைப் பெற்றார். ஜாக்கி ஸ்டேசி தம் 1994ஆம் ஆண்டு நூலுக்காக மகளிர் இதழ்களின்வழி வேண்டுகோள் விடுத்து, போர்க்காலத்திலும் அதனையடுத்தும் படம் பார்த்த பெண்களின் நினைவுகளைத் திரட்டினார்.

இவர்கள் அனைவரும் கேட்டுப் பெற்றனர். கேட்போர்க்கு ஏற்பச் சொல்லும் இயல்பும் நினைவின் மாற்றமும் இத்தகைய சான்றுகளில் கலத்தல் இயல்பு. பலகைகளில் இருந்ததோ, எவரும் கேளாமல், படம் பார்த்த சூட்டோடு சுவைஞர் தமக்குள் எழுதிக்கொண்டது. வசையும் அதனுட்பட்டதே, ஒரு காலத்தின் வெறுப்பை அறியவும் அவ்வசை சான்றாகும்.

6. தமிழ்க் குழுக்கள் தரும் பாடம்

இவ்விழப்பு தமிழர்க்குப் புறத்தே நிகழ்ந்த ஒன்றன்று. தமிழ் இணையத்தின் தொடக்கக் கால உரையாடல்களுள் பெரும்பகுதி யாகூ குழுமங்களில் நிகழ்ந்தது. மலேசியாவைச் சேர்ந்த மருத்துவர் செயபாரதி நடத்திய அகத்தியர் குழுமமும், மரத்தடி, ராயர் காப்பி கிளப் முதலிய குழுமங்களும் அவ்வகையின. இலக்கியம், வரலாறு, சமயம், திரையிசை எனப் பல பொருள்களும் அங்கு ஆயப்பெற்றன. 2019 அக்டோபரில் யாகூ தன் குழுமங்களின் சேமிப்பை அழிக்கப்போவதாக அறிவித்தது. பயனர் தம் பதிவுகளைக் கேட்டுப் பெற 2020 சனவரி 31 வரை காலம் நீட்டிக்கப்பட்டது. 2020 டிசம்பர் 15ஆம் நாள் அச்சேவை முற்றும் நின்றது. படியெடுத்து வைத்தோர் இருந்த குழுமங்களின் எழுத்தே எஞ்சும் நிலை உருவாயிற்று.

முடிவுரை

ஐ.எம்.டி.பி. பயனர் மீட்கக் கோரியது ஒரு வசதியை மட்டுமன்று. தாம் உழைத்து உருவாக்கிய ஒரு கூட்டு நினைவையும், அது நிலைகொண்டிருந்த இடத்தையும் ஆகும். களத்தை மூடும் உரிமை உடையவரிடம் இருக்கலாம். ஆயினும், பிறர் எழுத்தால் வளர்ந்த களத்தை மூடுவோர் போதிய காலம் அளித்தலும், பதிவுகளைப் படிக்கத்தக்க நிலையில் விட்டுவைத்தலோ நூலகம் ஒன்றிடம் ஒப்படைத்தலோ செய்தலும் முறையாகும். பல்கலைக்கழகத் துறைகளும் நூலகங்களும் அச்சேறிய இதழ்களைத் தொகுத்துக் காப்பதுபோல், உயிரோடிருக்கும் தமிழ்க் கருத்துக்களங்களை அவற்றை நடத்துவோரின் இசைவுடன் இப்போதே படியெடுத்துக் காத்தல் வேண்டும். மூடும் அறிவிப்பு வந்தபின் கிடைக்கும் நாள்கள் அப்பணிக்குப் போதா என்பதையே மேற்கண்ட நிகழ்வுகள் உணர்த்துகின்றன.