சமாதானம் நிலைப்பது எதனால்?

1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு. இராயபுரத்திற்குத் தெற்கே, சென்னைத் துறைமுகத்திற்கு எதிரே, இருளில் வந்து நின்றது ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பல். அதன் பெயர் எம்டன். தலைவர் கார்ல் வான் முல்லர். ஏறத்தாழப் பத்து நிமிட நேரத்தில் அக்கப்பல் சுமார் 130 குண்டுகளை வீசிற்று. துறைமுகத்தையடுத்திருந்த பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் கொழுந்துவிட்டு எரிந்தன. குறைந்தது ஐவர் மாண்டனர். மறுநாள் முதல் மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் திரள் திரளாக நகரை விட்டு வெளியேறினர். யாருக்கும் பிடிபடாத கெட்டிக்காரனை ‘சரியான எம்டன்’ என்று சொல்லும் வழக்கு அந்த இரவில் தோன்றியதேயாகும்.

எங்கோ ஐரோப்பாவில் மூண்ட போரின் குண்டு வடசென்னையின் வாசலில் வந்து விழுந்த கதையை யாவரும் அறிவர். ஆனால் அப்போர் ஓய்ந்தபின் எழுதப்பட்ட உடன்படிக்கைகளும் இதே கரையை வந்தடைந்தன என்பதை நினைவு கூர்வோர் சிலரே. குண்டின் தீ சில நாட்களில் அணைந்தது. உடன்படிக்கைகள் மூட்டிய தீயோ சில இடங்களில் இன்னும் அணைந்தபாடில்லை. ஒரு சமாதானம் ஏன் நிலைக்கிறது, மற்றொன்று ஏன் சிதைகிறது என்பதைச் சிந்திப்பது நமக்குப் பெரிதும் பயன் தரும்.

கொடுத்த வாக்கு

எம்டன் வந்து சென்ற சில வாரங்களில் துருக்கி, ஜெர்மனியின் பக்கம் நின்று போரில் இறங்கியது. துருக்கியின் சுல்தானே அன்று முஸ்லிம்கள் பெரும்பாலோர் கலீபா என மதித்தவர். இந்திய முஸ்லிம்களின் நிலை தர்மசங்கடமாயிற்று. அவர்களை ஆண்ட பிரிட்டிஷ் அரசு, அவர்கள் உள்ளத்தில் உயர்ந்து நின்ற கலீபாவின் மீது போர் தொடுத்திருந்தது.

அந்நேரத்தில் அரசு ஓர் உறுதிமொழி அளித்தது. அரபு நாட்டின் புனிதத் தலங்களும் ஜித்தா துறைமுகமும் தாக்கப்படமாட்டா என்பதே அது. பின்னர், 1918 ஜனவரி 5ஆம் நாள் பிரதமர் லாயிட் ஜார்ஜ் மற்றொரு வாக்கும் கொடுத்தார். துருக்கியரின் தலைநகரையோ, அவர்கள் பெரும்பான்மையினராக வாழும் சின்ன ஆசியா, திரேஸ் ஆகிய பகுதிகளையோ பறிப்பதற்காகத் தாங்கள் போர் புரியவில்லை என்றார்.

இவ்வாக்குகளை மக்கள் நம்பினர். பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியர் கடல் கடந்து போர்முனைகளுக்குச் சென்றனர். சென்னை மாகாணத்தின் சாப்பர்ஸ் படையினர் மெசபடோமியாவின் வெயிலில் பாலம் கட்டினர், பாதை அமைத்தனர். முஸ்லிம் சிப்பாய்களும் கலீபாவின் படைக்கு எதிரே நிற்க நேர்ந்தது. சென்ற இந்தியருள் சுமார் 74,000 பேர் திரும்பவில்லை.

ஆனால் திரைக்குப் பின்னால் நடந்தது வேறு. 1916ஆம் ஆண்டிலேயே பிரிட்டனும் பிரான்சும் சைக்ஸ்–பிக்கோ என்னும் இரகசிய ஒப்பந்தத்தின் மூலம் அரபு நிலங்களைத் தமக்குள் பங்கிட்டுக் கொண்டன. மக்கா ஷரீப் ஹுசைனுக்கோ, அரபு மக்கள் சுதந்திரமாக வாழலாம் என்று ஆசை காட்டப்பட்டது. 1917 நவம்பரில் பால்பர் பிரகடனம், பாலஸ்தீனத்தில் யூதர்களுக்கு ஒரு தேசிய இல்லம் அமைய ஆதரவு தெரிவித்தது. ஒன்றோடொன்று பொருந்தாத வாக்குறுதிகளின் மேல்தான் சமாதான மாளிகை எழுப்பப்பட்டது.

செவ்ரேயும் திருவல்லிக்கேணியும்

1919 ஜூன் 28ஆம் நாள் வெர்செயில்ஸ் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஜெர்மனியின் பிரதிநிதிகள் பேச்சுவார்த்தை மேசையில் அமர்த்தப்படவில்லை. எழுதி முடித்த நிபந்தனைகளே அவர்கள் கையில் கொடுக்கப்பட்டன. அடிமை நாடாயிருந்த இந்தியாவின் பெயரால் மாண்டேகுவும் பிகானீர் மகாராஜாவும் அதில் கையொப்பமிட்டனர். இந்திய மக்களை யாரும் கேட்கவில்லை.

1920 ஏப்ரலில் சான் ரெமோ நகரில் கூடிய வல்லரசுகள், ஈராக்கையும் பாலஸ்தீனத்தையும் பிரிட்டனின் பொறுப்பிலும், சிரியாவையும் லெபனானையும் பிரான்சின் பொறுப்பிலும் விட்டன. ஆகஸ்ட் 10ஆம் நாள் பிரான்சின் செவ்ரேயில் துருக்கியின் மீது உடன்படிக்கை சுமத்தப்பட்டது. கிழக்குத் திரேஸ் கிரேக்கருக்குப் போயிற்று. சின்ன ஆசியாவின் இஸ்மிர் நகரும் அவர்கள் நிர்வாகத்தில் விடப்பட்டது. எதைப் பறிக்கமாட்டோம் என்று பிரதமர் சொன்னாரோ, அதிலேயே கை வைக்கப்பட்டது.

இரண்டே நாட்கள் கழித்து, ஆகஸ்ட் 12ஆம் நாள், காந்தியடிகள் மௌலானா ஷௌகத் அலியுடன் சென்னைத் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் பேசினார். கிலாபத்துக்கு இழைக்கப்பட்ட அநீதியையும் பஞ்சாபில் நிகழ்ந்த கொடுமையையும் எடுத்துரைத்து, ஒத்துழையாமையே வழி என்று விளக்கினார். பிரான்சில் ஒரு மண்டபத்தில் நடந்த கையெழுத்து, வங்கக் கடலோரத்தில் இந்துக்களையும் முஸ்லிம்களையும் ஒருங்கே திரட்டியது. சென்னையின் கிலாபத் தலைவர் யாகூப் ஹசன் சேட், 1921ஆம் ஆண்டு கோழிக்கோட்டில் கைதாகிச் சிறை புகுந்தார். வாக்குத் தவறியவர்கள் மீது மக்கள் கொண்ட நம்பிக்கை அற்றுப்போனதே அவ்வியக்கத்தின் வேகத்துக்குக் காரணம்.

எழுதியதும் கிழிந்ததும்

செவ்ரே உடன்படிக்கை ஒருநாளும் நடைமுறைக்கு முழுமையாக வரவில்லை. முஸ்தபா கமாலின் தலைமையில் துருக்கியர் போரிட்டு அதைக் கிழித்தெறிந்தனர். 1923 ஜூலை 24ஆம் நாள் லோசானில் புதிய உடன்படிக்கை உருவாயிற்று. இம்முறை துருக்கியின் இஸ்மத் பாஷா சரிசமமாக அமர்ந்து, மாதக்கணக்கில் வாதாடினார். அந்த எல்லைகள் சிற்சில மாற்றங்களுடன் நூறாண்டு கடந்தும் நிற்கின்றன.

லோசானும் குறையற்றதன்று. அதையொட்டி நிகழ்ந்த மக்கள் மாற்றத்தில் கிரேக்கரும் துருக்கியருமாகப் பதினைந்து இலட்சம் பேரளவில் பிறந்த மண்ணை இழந்தனர். அவர்களை யாரும் மேசைக்கு அழைக்கவில்லை என்பதையும் நாம் மறைத்தலாகாது. கலீபா பதவியையோ 1924 மார்ச் 3ஆம் நாள் துருக்கியின் மன்றமே நீக்கிற்று. அதற்காகச் சிறை சென்ற இந்திய முஸ்லிம்களின் வேதனையைச் சொல்லி முடியாது.

வெர்செயில்ஸின் முடிவு இதனினும் கொடியது. ஜெர்மனியின் மீது 1921இல் 13,200 கோடி தங்க மார்க் நஷ்டஈடு விதிக்கப்பட்டது. அவமானமும் வறுமையும் சேர்ந்த இடத்தில் வெறுப்பை விதைப்பவர்களுக்கு வேலை எளிதாயிற்று. இருபதே ஆண்டுகளில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. 1942 ஏப்ரலில் ஜப்பானியர் வருவர் என்ற அச்சத்தால் சென்னை மக்கள் மறுபடியும் மூட்டை கட்டினர். 1914இல் ஓடியவர்களின் பிள்ளைகள் 1942இல் ஓடினர். பாலஸ்தீனத்திலோ அன்று விதைத்த வினை இன்றும் இரத்தம் சிந்த வைக்கிறது.

பிழைத்த ஒரு பகுதி

எனினும், அதே வெர்செயில்ஸ் உடன்படிக்கையின் பதின்மூன்றாம் பகுதி மட்டும் பிழைத்துக்கொண்டது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பைத் தோற்றுவித்த பகுதி அது. சமூக நீதியின்றி நிலையான சமாதானம் இல்லை என்ற கருத்தே அதன் அடிப்படை.

இது வடசென்னைக்கு அந்நியமான செய்தியன்று. 1918 ஏப்ரலில், பெரம்பூர்ப் பகுதி ஆலைத் தொழிலாளர்களுக்காக, பி. பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியிருந்தது. திரு.வி.க. அதற்குத் துணை நின்றார். அன்றைய சட்டப்படி பஞ்சாலையில் வயது வந்த ஆண் ஒருவர் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் உழைக்க வேண்டும். 1919ஆம் ஆண்டின் இறுதியில் வாஷிங்டனில் கூடிய முதல் தொழிலாளர் மாநாடு, பொதுவாக வாரத்திற்கு 48 மணி நேரம் என வரையறுத்தது. இந்தியாவுக்கு மட்டும் 60 மணி நேரம் என்றது. அதுவும் பாரபட்சமே. ஆயினும் 1922ஆம் ஆண்டின் சட்டம் அந்த 60 மணி நேர வரம்பை இங்கே கொண்டு வந்தது. 1946இல் அது 48 ஆகக் குறைந்தது. மாநாட்டிற்குத் தொழிலாளர் பிரதிநிதியைத் தேர்ந்தனுப்ப வேண்டிய தேவையும் 1920இல் அகில இந்திய தொழிற்சங்கக் காங்கிரஸ் பிறக்க ஒரு காரணமாயிற்று.

உடன்படிக்கையின் ஏனைய பகுதிகள் சிதைய, இப்பகுதி ஏன் தழைத்தது? அவ்வமைப்பில் அரசு, முதலாளி, தொழிலாளி ஆகிய மூவரும் ஒரே அவையில் அமர்கின்றனர். யாருடைய வாழ்வைப் பற்றிப் பேசப்படுகிறதோ, அவருக்கும் அங்கே நாவுண்டு, வாக்குண்டு.

ஹுதைபிய்யா காட்டும் வழி

இவ்விடத்தில் நம் உள்ளம் ஹிஜ்ரி ஆறாம் ஆண்டுக்குச் செல்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சுமார் 1,400 தோழர்களுடன் உம்ரா செய்யும் எண்ணத்துடன் புறப்பட்டு, மக்காவை அடுத்த ஹுதைபிய்யாவில் தங்கினார்கள். குறைஷியர் வழி மறித்தனர். சுஹைல் இப்னு அம்ரு அவர்கள் சார்பில் பேச வந்தார்.

‘அல்லாஹ்வின் தூதர்’ என்று எழுதப்பட்டதை சுஹைல் மறுத்தார். அதை அழிக்க அலீ (ரலி) அவர்களுக்கு மனம் வரவில்லை. பெருமானாரோ தம் கையாலேயே அழித்து, ‘அப்துல்லாஹ்வின் மகன் முஹம்மது’ என எழுதச் செய்தார்கள். அவ்வாண்டு உம்ரா செய்யாமல் திரும்ப வேண்டும். அடுத்த ஆண்டு மூன்று நாட்கள் மட்டும் வரலாம். பத்தாண்டுகளுக்குப் போர் இல்லை. மக்காவிலிருந்து காப்பாளரின் அனுமதியின்றி வருபவரைத் திருப்பி அனுப்ப வேண்டும், மதீனாவிலிருந்து செல்பவரை அவர்கள் திருப்ப வேண்டியதில்லை. உமர் (ரலி) அவர்களே மனம் பொறாது வினவினார்கள்.

சோதனை உடனே வந்தது. உடன்படிக்கை எழுதப்பட்டுக் கொண்டிருக்கும்போதே, சுஹைலின் மகன் அபூஜந்தல் (ரலி), காலில் விலங்குடன் முஸ்லிம்களிடம் தஞ்சம் புகுந்தார். அவரை விட்டுவிடுமாறு பெருமானார் கேட்டார்கள், சுஹைல் இணங்கவில்லை. தோழர்களின் கண்கள் கலங்கின. ஆயினும் பெருமானார் அவருக்குப் பொறுமையை உபதேசித்து, ஒப்புக்கொண்டபடியே திருப்பி அனுப்பினார்கள்.

இந்த உடன்படிக்கையையே தெளிவான வெற்றி என்று திருமறை சிறப்பித்தது. எதிரியை மண்டியிட வைத்து எழுதப்பட்டதன்று அது. எதிரே அமர்த்திப் பேசி எழுதப்பட்டது. ஒப்புக்கொண்டதை, தமக்குக் கசந்தபோதும், பெருமானார் காத்தார்கள். வாள் உறையில் கிடந்த அந்த இரண்டே ஆண்டுகளில் மக்கள் அச்சமின்றிப் பழகினர். இஸ்லாத்தைத் தழுவியோர் பெருகினர். குறைஷியரின் நேசக் குலத்தார் உடன்படிக்கையை மீறியபின், பெருமானார் பத்தாயிரம் பேருடன் மக்காவுள் நுழைந்தார்கள். அன்று அவர்கள் நஷ்டஈடு கேட்கவில்லை, பழி தீர்க்கவில்லை, பொது மன்னிப்பு வழங்கினார்கள். எதிரே அமர்ந்து பேரம் பேசிய சுஹைலும் பின்னர் முஸ்லிமானார்.

இருவர் பிணங்கினால் அவர்களிடையே நீதியுடன் சமாதானம் செய்து வையுங்கள் என்பதும், ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை உங்களை நீதி தவறச் செய்ய வேண்டாம் என்பதும் திருமறையின் போதனை. பாரிஸில் கூடிய மேதைகளுக்கு அறிவு இல்லாமலில்லை, படைபலம் இல்லாமலில்லை, இவ்விரண்டு போதனைகளும்தாம் இல்லை.

உலக வல்லரசுகளுக்கு மட்டும் உரிய பாடமா இது? திருவொற்றியூரில் ஆலை வாசலில் கூலி ஒப்பந்தம் பேசுவோருக்கும், எண்ணூரில் வலையும் படகும் பங்கிடுவோருக்கும், இராயபுரத்தில் தந்தையின் வீட்டைப் பாகம் பிரிக்கும் அண்ணன் தம்பியருக்கும் இதுவே பாடம். எளியவனை வெளியே நிறுத்திவிட்டு எழுதும் பத்திரம் நீடிக்காது. கொடுத்த வாக்கு கசந்தாலும் காக்கப்பட வேண்டும்.

எம்டனின் குண்டு விழுந்ததைக் குறிக்க உயர் நீதிமன்ற வளாகத்தின் மதிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. சமாதானத்தின் அந்தப் பதின்மூன்றாம் பகுதிக்கு இக்கரையில் அப்படியொரு கல் கிடையாது. எட்டு மணி நேர உழைப்பு முடிந்து, பொழுதோடு வீடு திரும்பித் தன் குழந்தைகளின் முகம் பார்க்கும் ஒவ்வொரு தொழிலாளியும் அதன் நினைவுச் சின்னமே. நீதியோடு சமாதானம் செய்வோரின் கூட்டத்தில் வல்ல அல்லாஹ் நம்மையும் சேர்ப்பானாக.