சிங்கத்துக்கும் சாப்பாட்டு வேளை உண்டு

2021 மே மாதத்தில் திருச்சி புத்தூர் பெரியாஸ்பத்திரிப் பக்கம் போனவர்களுக்கு அந்த நாட்கள் மறந்திருக்காது. கொரோனாவின் இரண்டாவது அலை. மாநிலம் முழுவதும் படுக்கைக்கும் பிராணவாயுவுக்கும் தவிப்பு. மே 11-ம் தேதி, பொது நிவாரண நிதிக்கு நன்கொடை தரும்படி முதலமைச்சர் வேண்டுகோள் விடுத்தார். குழந்தைகள்கூட உண்டியலை உடைத்துக் கொடுத்தார்கள்.

அந்தச் சமயத்தில் ஒருவர் உங்கள் வாசலில் வந்து நின்று, "ஒட்டகச்சிவிங்கிக்கு ஏதாவது கொடுங்கள், ஸார்" என்று கேட்டிருந்தால்? "மனுஷனுக்கே மூச்சு முட்டுகிறது, ஓய்!" என்று கதவைச் சாத்தியிருப்பீர்கள். அதில் தப்பு என்ன?

ஆனால், கேட்கத்தான் கேட்டார்கள். கொடுக்கவும் கொடுத்தார்கள்!

திருச்சி ஜங்ஷனில் ராத்திரி ரெயில் ஏறினால் விடிந்ததும் மைசூர். அரண்மனையும் பிருந்தாவனமும் பார்த்த நம்மவர்கள் மிருகக்காட்சிசாலையையும் பார்க்காமல் திரும்புவதில்லை. மகாராஜா சாமராஜேந்திர உடையார் 1892-ல் அமைத்தது அது. நாம் வாசலில் டிக்கெட் வாங்குகிறோமே, அந்தக் காசில்தான் உள்ளே யானைக்குக் கரும்பும் புலிக்கு இறைச்சியும் வருகின்றன. காவலாளிக்குச் சம்பளமும் அதில்தான். அரசாங்க மானியத்தை எதிர்பார்க்காமல் தன் காலில் நிற்கும் ஸ்தாபனம் என்பதில் மைசூர்க்காரர்களுக்குப் பெருமை உண்டு.

2020 மார்ச்சில் வாசல் சாத்தப்பட்டது. பெருமை இருந்த இடத்தில் கவலை வந்து உட்கார்ந்துகொண்டது. சினிமாக் கொட்டகையைச் சாத்தினால் விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஓட்டலைச் சாத்தினால் அடுப்பை அணைக்கலாம். புலியை என்ன செய்வது? "ஊரடங்கு முடியட்டும், அப்புறம் சாப்பிடலாம்" என்று அதனிடம் சொல்ல முடியுமா?

மைசூர் ஜில்லாவுக்குப் பொறுப்பாக இருந்த மந்திரி சோமசேகர் வசூலில் இறங்கினார். தம் தொகுதிக்காரர்களிடமும் நண்பர்களிடமும் திரட்டித் தவணை தவணையாகக் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டரைக் கோடி ரூபாய்க்கு மேல் சேர்ந்தது. மந்திரி கேட்டால் பணம் வராதா என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. சரி, அடுத்த வருஷத்துக் கதையைக் கேளுங்கள்.

2021-ல் வாசல் மறுபடியும் அடைபட்டது. ஜூன் முதல் வாரம், கன்னட நடிகர் தர்சன் கர்நாடகத்தின் மிருகக்காட்சிசாலைகளுக்காக ரசிகர்களிடம் வேண்டுகோள் விடுத்தார். "ஒரு பிராணியைத் தத்தெடுங்கள்" என்பதுதான் வேண்டுகோள். தத்தெடுப்பது என்றதும் பயந்துவிடாதீர்கள். புலி உங்கள் வீட்டுக்கு வராது! அதன் தீனிச் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்கிறீர்கள், அவ்வளவுதான். அன்றைக்கு வருஷத்துக்கு யானை என்றால் 1,75,000 ரூபாய். சின்னஞ்சிறு லவ் பேர்ட் என்றால் 1,000 ரூபாய். சில நாட்களுக்குள் ஒரு கோடி ரூபாய் வந்துவிட்டது. லட்ச ரூபாய்க்காரர்கள் மட்டும் அல்ல, ஆயிரம் ரூபாய்க்காரர்களும் வந்தார்கள். விசேஷம் அதில்தான் இருக்கிறது.

நம் பக்கத்தில், சென்னையை அடுத்த வண்டலூரில், அதே வாரங்களில் வேறொரு சங்கடம். ஏப்ரல் 20-ம் தேதியிலிருந்தே அங்கு பார்வையாளர் கிடையாது. மே 26-ம் தேதி சில சிங்கங்கள் சாப்பாட்டைத் தொடவில்லை, இருமல் வேறு. பதினொரு சிங்கங்களின் மாதிரிகளைப் போபாலில் உள்ள ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். ஒன்பதுக்குக் கொரோனா! ஜூன் 3-ம் தேதி நீலா என்ற ஒன்பது வயதுப் பெண் சிங்கம் இறந்தது. 16-ம் தேதி பத்மநாதன் என்ற பன்னிரண்டு வயது ஆண் சிங்கமும் போய்விட்டது. புத்தூர் ஆஸ்பத்திரிப் படுக்கைகளில் மனிதர்களை வாட்டிய அதே 'டெல்டா' ரகக் கிருமிதான் சிங்கங்களுக்கும்.

இப்போது சொல்லுங்கள், மனுஷனுடைய வியாதி வேறு, மிருகத்தின் வயிறு வேறு என்று கணக்கைப் பிரித்து எழுத முடியுமா? காடு சுருங்கி அருகிப்போன சிங்கவால் குரங்கு போன்ற ஜீவன்களை வளர்த்துப் பெருக்குவதும் வண்டலூரில் நடக்கிற காரியம். அங்கே ஒரு தலைமுறை பட்டினியில் போய்விட்டால் எந்த நிவாரண நிதியாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. பிராணவாயுவுக்குக் கொடுத்த கைதான் முதல் கை, சந்தேகமே இல்லை. ஆனால் நமக்கு இரண்டு கை உண்டே!

வண்டலூரிலும் தத்தெடுக்கும் திட்டம் உண்டு. நடிகர் சிவகார்த்திகேயன் முன்பே அனு என்ற வெள்ளைப் புலியைத் தத்தெடுத்திருந்தார். 2021-ல் விஷ்ணு என்ற சிங்கத்தையும் பிரக்ருதி என்ற யானையையும் ஆறு மாதத்துக்கு ஏற்றுக்கொண்டார். அதற்குள், ஆகஸ்ட் 25-ம் தேதியே, வண்டலூரின் வாசல் மறுபடி திறந்து டிக்கெட் விற்பனை ஆரம்பமாகிவிட்டது.