சொந்த மனையில் இடம் கொடுத்தால் குற்றமா?

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள போர்ட்லாண்ட் நகரில், சைனாடவுன் நுழைவு வளைவுக்குப் பக்கத்தில் ஒரு காலிமனை. முன்பு அங்கே இருந்த கடையை இடித்துவிட்டார்கள். 2011 அக்டோபர் 10, உலக வீடற்றோர் தினத்தன்று, உரிமையாளரின் சம்மதத்தோடு வீடில்லாதவர்கள் சிலர் அந்த மனையில் கூடாரம் போட்டார்கள். வாடகை என்று பெயருக்கு ஆண்டுக்கு ஒரு டாலர். பழைய மரக்கதவுகளை வரிசையாக நிறுத்தி வேலியாக்கி, கதவுகளில் வண்ண வண்ணமாகப் படம் வரைந்தார்கள். வாசலில் இரவு முழுக்க ஆள் காவல். தெருவில் படுக்கப் பயந்து வருகிறவர் அங்கே 12 மணி நேரம் வரை நிம்மதியாகத் தூங்கலாம். விரிப்பும் துவைத்த போர்வையும் கொடுப்பார்கள். குடி, போதை, அடிதடிக்கு இடமில்லை. ‘ரைட் டு ட்ரீம் டூ’ என்ற அந்த முகாமை நடத்தியவர்களும் வீடில்லாதவர்களே.

சில மாதங்களில் மனைக்காரருக்கு மாநகராட்சி நோட்டீஸ் வந்தது. அனுமதி பெறாமல் ‘பொழுதுபோக்கு முகாம்’ நடத்துகிறார் என்பது குற்றச்சாட்டு. மாதத்துக்கு 600 டாலருக்கு மேல் அபராதம், அப்புறம் அதுவும் இரு மடங்கானது.

இங்கே அத்துமீறல் எதுவும் நடக்கவில்லை. மனைக்குச் சொந்தக்காரர் தெரிந்தே இடம் கொடுத்திருக்கிறார். பிறகு எந்தச் சட்டம் தடுக்கிறது? நில உபயோக விதிகள்தான். எந்தப் பகுதியில் வீடு, எங்கே கடை, எங்கே பட்டறை என்று அமெரிக்க நகரங்கள் வரையறுத்து வைத்திருக்கின்றன. கூடாரத்தில் ஆள் தங்குவது பெரும்பாலான பகுதிகளின் பட்டியலில் கிடையாது. பட்டியலில் இல்லாததற்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். அக்கம்பக்கத்தார் எதிர்த்தால் அது கிடைப்பது அரிது.

ஒஹையோ மாநிலத்து அக்ரானில் இதுதான் நடந்தது. ஒரு கட்டட உரிமையாளர் தன் கட்டடத்தின் பின்புறத்தில் வீடற்றவர்களைக் கூடாரம் போட்டுத் தங்கவிட்டார். கட்டடத்துக்குள் பகல்நேர மையமும் இருந்தது. 2018 செப்டம்பரில் நகர மன்றம் அனுமதியை மறுத்தது. கூடாரங்கள் அகற்றப்பட்டன. அங்கிருந்து கிளப்பப்பட்டவர்களுக்கு எல்லாம் வேறு வீடு காத்திருந்ததா? வீடு கிடைக்காதவருக்குப் பாலத்தடியும் புதரும்தான்.

அந்தப் பாலத்தடியும் இப்போது உறுதியில்லை. ஓரிகன் மாநிலத்திலேயே கிராண்ட்ஸ் பாஸ் என்ற சிற்றூர், பூங்காவிலோ நடைபாதையிலோ போர்வை விரித்துப் படுப்பவர்களுக்கு அபராதம் விதித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. படுக்க வேறு இடமே இல்லாதவரைத் தண்டிப்பது கொடுமையான தண்டனையைத் தடுக்கும் அரசியல் சட்டத் திருத்தத்துக்கு விரோதமா என்பது கேள்வி. விரோதமில்லை என்று 2024 ஜூன் 28 அன்று ஆறு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள், மூவர் மறுத்தார்கள். அந்த ஆண்டு ஜனவரியில் ஒரே இரவில் எடுத்த கணக்கெடுப்பில் அமெரிக்காவில் வீடற்றவர்கள் 7,71,480 பேர்.

சட்டத் தத்துவ அறிஞர் ஜெரமி வால்ட்ரன் 1991-லேயே இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். எந்தச் செயலையும் மனிதன் ஏதாவது ஓர் இடத்தில்தான் செய்ய முடியும். வீடற்றவருக்குச் சொந்த இடம் இல்லை. பொது இடத்தில் படுக்கக்கூடாது என்றால், தூங்கும் சுதந்திரமே அவருக்கு இல்லை என்று ஆகிறது. பொது இடத்தை நீதிமன்றம் நகராட்சிகளின் கையில் கொடுத்த பிறகு, மீதமிருப்பது யாராவது ஒரு மனைக்காரரின் இரக்கம் மட்டுமே. அந்தக் கதவையும் நகராட்சியே சாத்தினால், வீடற்றவர் எங்கே படுப்பது?

இடம் கொடுப்பவர் தேவாலயமாக இருந்தால் மட்டும் நிலைமை வேறு. வழிபாட்டு அமைப்புகளின் நில உபயோகத்தைக் காக்க 2000-இல் அமெரிக்காவில் மத்தியச் சட்டமே வந்தது. வாஷிங்டன் மாநிலத்தில் உடின்வில் நகரம், கூடார முகாமுக்கு இடம் கொடுக்க விரும்பிய ஒரு தேவாலயத்தின் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கவே மறுத்தது. அது மதச் சுதந்திரத்தை மீறிய செயல் என்று 2009-இல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஆண்டே மாநிலச் சட்டமும் வந்தது. உடல்நலம், பாதுகாப்பு ஆகியவற்றுக்குத் தேவையானதைத் தாண்டி வழிபாட்டு அமைப்புகளுக்கு நகராட்சிகள் நிபந்தனை போட முடியாது. சியாட்டிலில் ‘டென்ட் சிட்டி 3’ என்ற முகாம், சுமார் நூறு பேரோடு, சில மாதங்களுக்கு ஒரு முறை இடம் மாறி மாறிப் பல ஆண்டுகள் நடந்தது. பெரும்பாலும் தேவாலய வளாகங்கள்தான் இடம் கொடுத்தன. 2005-இல் சியாட்டில் பல்கலைக்கழகம் தன் டென்னிஸ் மைதானத்தைக் கொடுத்தது.

பக்தியால் இடம் கொடுத்தால் உரிமை, வெறும் மனிதாபிமானத்தால் கொடுத்தால் அபராதம். இது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. வெளியே பெய்யும் மழை இரண்டு கூடாரத்திலும் ஒன்றுபோலத்தான் விழுகிறது.

அக்கம்பக்கத்தார் பயத்தைத் தள்ளிவிடவும் முடியாது. அடுப்பு சாய்ந்து கூடாரம் பற்றிக்கொள்ளும். கழிப்பறை இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் தெரு நாறும். குப்பை சேர்ந்தால் எலி வரும். இதையெல்லாம்விட எனக்குப் பெரிய கவலை, போக்கிடமில்லாதவர்களிடம் சேற்று மனைக்கு வாடகை கறக்கக்கூடிய நில உரிமையாளர்களைப் பற்றியது.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு விடை வைத்திருக்கும் ஊர் ஒன்று உண்டு. ஓரிகனின் யூஜீன் நகர விதிப்படி, தனி வீட்டுக்காரர் தன் கொல்லைப்புறத்தில் ஒரு குடும்பத்தைக் கூடாரம் போட்டுத் தங்க விடலாம். தேவாலயம் மட்டுமல்ல, வணிக நிறுவனமும் தன் வாகன நிறுத்துமிடத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள் சிலருக்கு இடம் தரலாம். கழிப்பறை வசதி இருக்க வேண்டும், குப்பை அள்ள ஏற்பாடு வேண்டும், தங்குபவரின் உடைமைகள் தெருவுக்குத் தெரியாமல் வைக்க இடம் வேண்டும். ஒரு காசு வாடகை வாங்கக்கூடாது. அவ்வளவுதான். போர்ட்லாண்டும் 2021-இல் விதியைத் திருத்தி, வீட்டு மனையில் ஒரு வேன்வீட்டில் ஆள் தங்க அனுமதித்தது.

கதவு வேலி முகாம் என்ன ஆனது? அபராதத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்குக்குப் பிறகு மாநகராட்சி சமரசத்துக்கு வந்தது. முதலில் வசதியானவர்கள் வாழும் பேர்ல் டிஸ்ட்ரிக்ட் பகுதியில் பாலச் சரிவுக்கு அடியில் மாற்றிடம் தருவதாகச் சொன்னது. அங்கே கட்டடம் கட்டி விற்பவர்கள் எதிர்த்தார்கள். கடைசியில் முகாமுக்கு வேறெங்காவது இடம் பார்க்கச் சொல்லி அவர்களே எட்டு லட்சம் டாலருக்கு மேல் தர முன்வந்தார்கள். 2017-இல்தான் முகாம் ஆற்றின் மறுகரைக்கு இடம் மாறியது. அதுவரை ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் அந்த மூலை மனையிலேயே இரவு தவறாமல் ஆட்கள் தூங்கினார்கள்.

கழிப்பறை, குடிநீர், தீயணைப்பு வண்டி நுழைய வழி, வாடகை வாங்காத உரிமையாளர். இவை இருக்கின்றனவா என்று நகராட்சி வந்து பார்க்கட்டும், இல்லையென்றால் மூடட்டும். இருந்தால் அனுமதி கொடுத்தே ஆக வேண்டும். தேவாலயத்துக்கு வாஷிங்டன் கொடுத்த பாதுகாப்பைச் சாதாரண மனைக்காரருக்கும் எல்லா மாநிலச் சட்டமன்றங்களும் எழுதிக் கொடுக்க வேண்டும்.