இரவில் வயலுக்குச் செல்வோரும் மின்சாரக் கைவிளக்கும்

கமலை இறைத்த காலத்தில் மாடுகள் களைத்தவுடன் நீர் பாய்ச்சும் வேலையும் நின்றது. மோட்டாருக்குக் களைப்பென்பது இல்லை. பம்பு செட்டுகள் பரவிய நாள் முதல், மின்சாரம் வரும் வேளையில் மோட்டாரை ஓட்டி, உடனிருந்து மடை மாற்ற வேண்டியிருப்பதால், நடுநிசியிலும் விடியற்காலையிலும் வரப்பின்மீது நடப்பது அனேகம் குடியானவர்களுக்கு வாடிக்கையாகிவிட்டது.

அவ்வேளையில் வரப்புகளை உபயோகிப்பவர் மனிதர் மாத்திரமல்லர். எலிகளைத் தேடிப் பாம்புகளும் வருகின்றன. இந்திய தேசத்தில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் மாண்டவர் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி ஒன்று மதிப்பிட்டது. ஆண்டொன்றுக்குச் சராசரி 58,000 உயிர்கள் ஆகின்றன. பெரும்பாலானவை கிராமங்களில் நேர்ந்தவை. உலக சுகாதார ஸ்தாபனம் 2017-இல் இதனைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பநாட்டு நோய்களின் வரிசையில் சேர்த்தது. தமிழ்நாட்டில் 2024 முதல் பாம்புக்கடி நேர்ந்தால் மருத்துவமனைகள் அரசாங்கத்திற்கு அறிவிக்க வேண்டும்.

கண்ணாடி விரியனின் உடல் நிறம் உலர்ந்த சருகோடும் மண்ணோடும் கலந்துவிடுவது. அது அந்தி சாய்ந்தபின் நடமாடும். காலடி கிட்டே வரும்வரை பெரும்பாலும் அசையாது கிடக்கும். கட்டுவிரியனோ இரவிலேயே சஞ்சரிப்பது. வயலில் நடப்பவருக்குக் கடி விழுவது பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலிலும்தான். ஆகையால் இரவில் வெளிச்சம் முதலில் வேண்டியிருப்பது தொலைவிலன்று, காலடியில்.

கிராமங்களில் 'பாட்டரி லைட்டு' என்று வழங்கும் மின்சாரக் கைவிளக்குக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு. டேவிட் மிஸ்ஸெல் என்பவருக்கு அமெரிக்காவில் 1899-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆந் தேதி இதற்குக் காப்புரிமை கிடைத்தது. அக்காலத்து செல்களின் பலவீனத்தால் விளக்கைத் தொடர்ந்து எரிக்க இயலாது. விட்டு விட்டு மின்னவே முடிந்தது. அதனாலேயே ஆங்கிலத்தில் 'பிளாஷ் லைட்' என்ற பெயர் ஏற்பட்டது. இப்போது கண்ணாடி பல்புக்குப் பதிலாக எல்.இ.டி. என்னும் ஒளிச் சில்லு வந்துவிட்டபடியால், ஒரு சாண் நீளமுமில்லாத விளக்கு பழைய மூன்று செல் விளக்கைப் பன்மடங்கு மிஞ்சுகிறது.

கடைகளில் 'டாக்டிகல் டார்ச்சு' என்று விற்பவை ராணுவத்தாரையும் போலீஸாரையும் உத்தேசித்து உண்டானவை. அலுமினியக் குழாய், பின்புறப் பொத்தான், இடுப்பில் மாட்டும் கொக்கி, எதிரியின் கண்ணைக் கூசவைக்கும் துடிப்பொளி, கண்ணாடியை உடைக்கும் பல் விளிம்பு, அடியில் காந்தம், சிவப்பு விளக்கு, புற ஊதா விளக்கு என்று பல அம்சங்கள் அவற்றில் உண்டு. இவற்றில் கொக்கியும் காந்தமும் மெய்யாகவே பிரயோஜனமானவை. இடுப்பில் எப்போதும் தொங்கும் விளக்கை வீட்டில் மறந்து வைப்பதற்கில்லை. காந்தமுள்ளதை மோட்டார் அறையின் இரும்புக் கதவிலோ ஸ்டார்ட்டர் பெட்டியிலோ ஒட்டிவிட்டால் இரு கைகளும் ஓய்வு பெறும். பல் விளிம்பால் வயலில் உடைப்பதற்கு ஏதுமில்லை. துடிப்பொளியும் அவ்வாறே, வரப்பில் எதிர்ப்படுபவர் பெரும்பாலும் பக்கத்து வயற்காரரே யன்றிப் பகைவரல்லர்.

விலை கொடுக்குமுன் உறையிலுள்ள எண்களைப் படித்தறிவது அவசியம். வெளிச்சத்தின் மொத்த அளவு 'லூமன்' எனப்படும். '200 மீட்டர் தூரம்' என்று போட்டிருந்தால், அத்தூரத்தில் விழும் ஒளி முழுநிலவின் ஒளிக்குச் சமானம் என்பதே தர விதியின் பொருள். அங்கே பாம்பை அடையாளம் காணலாம் என்பதன்று. 'இத்தனை மணி நேரம் எரியும்' என்பதும், தொடக்கத்து ஒளி பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை கணக்கிட்டது. 18 மில்லி மீட்டர் குறுக்களவும் 65 மில்லி மீட்டர் நீளமும் கொண்ட 18650 என்னும் லித்தியம் செல்லில் 3,500 மில்லி ஆம்பியர் மணிக்கு மேல் மின்சாரம் அடங்குவது அரிது. அதன்மேல் 9,900 என்று அச்சிட்டிருந்தால் அது பொய்யே. 3,000 கொண்ட நல்ல செல் ஒன்று 1,000 லூமன் வெளிச்சத்தை ஏறக்குறைய ஒரு மணி நேரமே தரும். அதற்குள்ளும் விளக்கு சூடேறித் தானாக ஒளி குறையும். அதே செல் 50 லூமன் வீதம் எரிந்தால் இருபது மணி நேரம்வரை தாக்குப்பிடிக்கும். மடை பார்க்க 50 முதல் 100 லூமன் போதுமானது. ஆகவே உச்ச ஒளியைவிடத் தாழ்ந்த ஒளியின் தன்மையை விசாரித்து வாங்குவதே புத்தி. நீர்க்காப்பில் ஐ.பி.எக்ஸ். 7 என்ற குறி இருப்பின், ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் கெடாது. வாய்க்காலில் நழுவும் விளக்குக்கு இது வேண்டும்.

விளக்கைப் பிடிக்கும் விதத்திலும் விஷயமுண்டு. நெற்றியில் கட்டும் விளக்கு கண்ணின் பக்கத்திலேயே இருப்பதால் பொருள்களின் நிழல் பார்வைக்குத் தெரிவதில்லை. தரை தட்டையாகத் தோன்றும். இடுப்பளவில் தாழப் பிடித்து இரண்டு மூன்று எட்டு முன்னே சாய்த்தால், சிறு கல்லுக்கும் நிழல் விழும். சுருண்டு கிடப்பதும் புடைத்துத் தெரியும். உச்ச ஒளியில் ஒருமுறை கூசிய கண் மறுபடி இருட்டிற்குப் பழக அரை மணி நேரம் ஆகலாம். சிவப்பொளி கண்ணைக் கூசவைக்காது என்பது உண்மையே. ஆயினும் அதில் நிறபேதம் புலப்படாதாகையால் வரப்பில் நடக்க உதவாது. பூட்சும் கைத்தடியும் விளக்கோடு கூடவே இருத்தல் வேண்டும்.

கைப்பேசியின் விளக்கே போதும் என்று பலர் எண்ணுகின்றனர். மடை மாற்றும்போது அதைப் பிடிக்கக் கையில்லை. நீரில் விழுந்தால் நஷ்டமும் பெரிது. அவற்றிலும் முக்கியம், கடி நேர்ந்துவிட்டால் 108-ஐ அழைப்பதற்குக் கைப்பேசியில் மின்சாரம் மிச்சமிருக்க வேண்டும். கடிபட்டவரை நடக்க விடாமல், காலை அசையாது வைத்து, விஷமுறிவு மருந்துள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இறுகக் கட்டுதலும் கீறுதலும் தீமையே செய்யும்.

புற ஊதா விளக்கு விளையாட்டுச் சாமானல்ல. அவ்வொளியில் தேள்கள் பச்சை நீலமாக ஒளிர்வதால், செங்கல் அடுக்கிலும் விறகுக் குவியலிலும் கை வைக்குமுன் சோதிக்கலாம். புதிதாகத் தோலுரித்தவை ஒளிராதாகையால் அதையே முற்றும் நம்பலாகாது. சாதாரண வெளிச்சமும் பயிருக்கு உதவும். பகலில் மண்ணில் ஒளிந்து இரவில் இலையைத் தின்னும் புரொடீனியாப் புழுவையும் ஆப்பிரிக்க நத்தையையும் விளக்கோடு சென்றால்தான் கண்ணாரக் கண்டு பொறுக்க முடியும்.

பழைய ராந்தல் செய்த ஒரு காரியத்தை மாத்திரம் இவ்விளக்கு செய்யாது. பாழ்கிணற்றில் இறங்குமுன் எரியும் விளக்கைக் கயிற்றில் இறக்கிப் பார்ப்பது முன்னோர் வழக்கம். பிராணவாயு குறைந்திருந்தால் சுடர் அணையும். மின்சார விளக்கோ அடிவரை பிரகாசமாகக் காட்டி, காற்றின் கேட்டைச் சொல்லாது. சுடர்ச் சோதனையும் விஷ வாயுக்கள் யாவற்றையும் அறிவிப்பதன்று. சாண எரிவாயுக் குழியருகே அது பேராபத்து. கிணற்றின் அடி நன்றாகத் தெரிகிறது என்பதற்காக ஒருவரும் தனியே இறங்குதல் கூடாது.

லித்தியம் செல்லை வெயிலில் நிற்கும் டிராக்டரிலும், சாவிகளோடு மடியிலும் வைத்தலாகாது. உப்பிய செல்லுக்கு மறுபடி மின்சாரம் ஏற்றலாகாது. எருக்குழியில் எறிந்தால் தீப்பற்றக்கூடும். 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு விதிகள் பயனற்ற செல்களைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மேல் வைத்திருப்பதால், அவற்றைத் தனியே சேர்த்துவைத்துச் சேகரிப்போரிடம் ஒப்படைக்கலாம்.